கட்டிய கணினியைத் தாண்டியும் ஓடும் பைனரி: பொதியாக்கிப் பகிர்வதற்கான முழுமையான வழிகாட்டி

ஒரு மென்பொருளை மூலநிரலாகக் கொடுத்தால், பெறுபவருடைய கணினியே அதைத் தனக்கேற்றபடி கம்பைல் செய்துகொள்கிறது. எந்த நூலகங்கள் உள்ளன, ப்ராசஸர் எத்தகையது, கோப்புகள் எங்கே இருக்கின்றன என்பதையெல்லாம் கட்டும் நேரத்திலேயே அது விசாரித்துத் தெரிந்துகொள்கிறது. கம்பைல் செய்து முடித்த, நேரடியாக ஓடும் கோப்பான பைனரியைக் கொடுக்கும்போதோ, இந்த விசாரணை உங்கள் கணினியில் முன்பே நடந்து முடிந்து, அதன் விடைகள் பைனரிக்குள் பதிந்துபோயிருக்கின்றன. அந்த விடைகள் பெறுபவருடைய கணினிக்கும் பொருந்தினால் நிரல் ஓடும். பொருந்தாவிட்டால், பல வேளைகளில் உண்மைக் காரணத்தோடு தொடர்பே இல்லாததுபோல் தோன்றும் ஒரு பிழைச்செய்தியோடு நின்றுவிடும்.

கோப்புகளைச் சேர்த்துச் சுருக்குவது பொதியாக்கத்தின் கடைசிச் சிறு வேலைதான். அதற்கு முன், பைனரி தன்னுள் சுமந்திருக்கும் அனுமானங்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றைப் பற்றியும் முடிவெடுக்க வேண்டும். அனுமானத்தைத் தளர்த்தலாம், தேவையானதைப் பொதியிலேயே வைத்து அனுப்பலாம், அல்லது "இது இருந்தால்தான் ஓடும்" என்று வெளிப்படையாக அறிவிக்கலாம். இந்த வழிகாட்டி சி, சி++, ரஸ்ட், கோ போன்ற மொழிகளில் கட்டப்படும் பைனரிகளையும் பைத்தானின் நேட்டிவ் நீட்சிகளையும் (சி போன்ற மொழிகளில் எழுதிக் கம்பைல் செய்த பகுதிகளையும்) மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. லினக்ஸைப் பற்றி இதில் அதிகம் பேசப்படுகிறது. சிக்கல்களும் அங்கேதான் அதிகம்.

முதல் படி: கீழ்வரம்பை முடிவுசெய்தல்

எந்தக் கருவியையும் தொடுவதற்கு முன், உங்கள் பொதி எவ்வளவு பழைய கணினி வரை ஓட வேண்டும் என்பதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இயங்குதளமும் அதன் மிகப் பழைய பதிப்பும், ப்ராசஸர் குடும்பமும் அதில் குறைந்தபட்ச நிலையும், லினக்ஸ் என்றால் அதன் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சியின் குறைந்தபட்சப் பதிப்பும் அந்தக் குறிப்பில் இருக்க வேண்டும். "எல்லா லினக்ஸிலும் ஓடும்" என்பது சோதித்துப் பார்க்க முடியாத வாக்குறுதி. "64 பிட் எக்ஸ்86, ஜிலிப்சி 2.28 முதல்" என்பது சோதிக்கக்கூடிய வாக்குறுதி. பின்வரும் படிகள் எல்லாம் இந்த ஒற்றை வரியைக் காப்பாற்றுவதற்காகவே உள்ளன.

வரம்பை மிகவும் கீழே வைப்பதற்கும் விலை உண்டு. சென்ட்ஓஎஸ் 7-இல் இருப்பது ஜிலிப்சி 2.17, அதுவரை இறங்கினால் மிகப் பெரும்பாலான கணினிகளை எட்டலாம். ஆனால் அதன் ஆதரவுக்காலம் 2024 ஜூன் மாதத்தோடு முடிந்துவிட்டது. புதிய சார்பு நூலகங்கள் (நிரல் நம்பியிருக்கும் பிறருடைய நூலகங்கள்) பலவற்றை அதன்மேல் கட்டுவது நாளுக்கு நாள் கடினமாகிவருகிறது. இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு 2.28 நடைமுறைக்கு உகந்த வரம்பு என்பது என் கணிப்பு. டெபியன் 10-உம் ரெட் ஹேட் 8 வழி வந்த ஆல்மாலினக்ஸ் 8 போன்றவையும் அந்தப் பதிப்பையே கொண்டுள்ளன.

இரண்டாம் படி: பழைய சூழலில், புதிய கம்பைலரால் கட்டுதல்

லினக்ஸில் பெரும்பாலான நிரல்களுக்கு அடித்தளமான சி நூலகம் ஜிலிப்சி. அதன் ஒவ்வொரு செயற்கூறுக்கும் பதிப்பு முத்திரை ஒன்று உண்டு. பழைய ஜிலிப்சியோடு கட்டிய நிரல் புதியதில் ஓடும். புதியதோடு கட்டியது பழையதில் ஓடும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. நீங்கள் புதிய வசதி எதையும் பயன்படுத்தவில்லை என்பது இங்கே பாதுகாப்பு ஆகாது. 2021 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.34-இல், ஒரே நிரலுக்குள் பல வேலைகளை இணையாக ஓட்ட உதவும், முன்பு தனியாக இருந்த த்ரெட் நூலகம் முதன்மை நூலகத்தோடு இணைக்கப்பட்டது. நிரலைத் தொடக்கிவைக்கும் அடிப்படைச் செயற்கூறுக்கும் புதிய முத்திரை வந்தது. இதன் விளைவாக, ஜிலிப்சி 2.35 உள்ள உபுண்டு 22.04-இல் கம்பைல் செய்த, ஒரு வரி வணக்கம் மட்டும் அச்சிடும் சி நிரல்கூட, 2.31 உள்ள டெபியன் 11-இல் ஓடாது.

தீர்வு நேரடியானது. உங்கள் கீழ்வரம்பாக இருக்கும் இயங்குதளத்தின் கன்டெய்னருக்குள் (அந்த இயங்குதளத்தின் கோப்புகளைப் படிமமாகக் கொண்டு தனித்து ஓடும் சூழலுக்குள்) கட்டுங்கள். பழைய இயங்குதளம் என்றால் பழைய கம்பைலர்தான் கிடைக்கும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ரெட் ஹேட் குடும்பம் பழைய ஜிலிப்சியின்மேல் புதிய ஜிசிசி கம்பைலரைத் தரும் கருவித்தொகுப்புகளை வழங்குகிறது. சி++ நிலையான நூலகத்தில் பழைய கணினியில் இல்லாத புதிய பகுதிகளை மட்டும் அவை உங்கள் பைனரிக்குள்ளேயே ஸ்டேட்டிக்காகச் சேர்த்துவிடும். பைத்தான் பொதிகளைக் கட்டுவதற்கென்றே ஆயத்தமாகக் கிடைக்கும் மெனிலினக்ஸ் கன்டெய்னர் படிமங்கள் இதே உத்தியைப் பயன்படுத்துகின்றன. 2016-இல் முதல் மெனிலினக்ஸ் வரையறை சென்ட்ஓஎஸ் 5-ஐ அடித்தளமாகக் கொண்டது; பின்னர் ஜிலிப்சி பதிப்பு எண்ணையே பொதியின் பெயரில் குறிக்கும் முறை வந்தது. நீங்கள் பைத்தான் பக்கமே போகாதவர் என்றாலும் அந்தப் படிமங்களை எடுத்துப் பயன்படுத்தலாம். ஸிக் மொழியின் கம்பைலரும் ஒரு மாற்று வழி. இலக்குப் பெயரோடு ஜிலிப்சி பதிப்பையும் குறிப்பிட்டால், அந்தப் பதிப்புக்கேற்ற பைனரியைப் புதிய கணினியிலிருந்தே அது உருவாக்கும்.

கட்டி முடித்தவுடன் ஆப்ஜ்டம்ப் கருவியால் பைனரியின் குறியீட்டு அட்டவணையை எடுத்து, அதில் தோன்றும் மிக உயர்ந்த ஜிலிப்சி முத்திரையைப் பாருங்கள். அது உங்கள் வரம்பைத் தாண்டியிருந்தால் பில்டைத் தோல்வியடையச் செய்யும் ஒரு சிறு ஸ்கிரிப்டை எழுதி, தானியங்கிக் கட்டுமானத்தில் சேர்த்துவிடுங்கள். சார்பு நூலகம் ஒன்று சத்தமில்லாமல் மேம்படுத்தப்பட்ட நாளில் இது உங்களைக் காப்பாற்றும்.

சி++ எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2015-இல் ஜிசிசி 5 வந்தபோது சரம், பட்டியல் ஆகிய வகைகளின் நினைவக அமைப்பு மாறியது. பழைய அமைப்பில் கட்டிய நூலகத்தையும் புதிய அமைப்பில் கட்டிய நிரலையும் இணைத்தால், மூலநிரலில் ஒரு பிழையும் இல்லாதபோதும் வரையறுக்கப்படாத குறியீடு என்று, கம்பைல் செய்த துண்டுகளை இணைக்கும் லிங்க்கர் முறையிடும். பொதியின் எல்லையில் சி++ வகைகளை வெளிக்காட்டாமல், எளிய சி இடைமுகத்தை மட்டும் வெளிக்காட்டுவது இத்தகைய தொல்லைகளை வேரோடு தவிர்க்கும்.

மஸல் என்னும் தனி உலகம்

ஆல்பைன் லினக்ஸ் ஜிலிப்சியைப் பயன்படுத்துவதில்லை. மஸல் என்ற வேறொரு சி நூலகத்தைப் பயன்படுத்துகிறது. ஜிலிப்சி பைனரியை அங்கே இயக்கினால், கண்முன்னே இருக்கும் கோப்பைச் சுட்டி "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று ஷெல் சொல்லும். இல்லாதது உங்கள் நிரல் அன்று. அந்த நிரலை நினைவகத்தில் ஏற்ற வேண்டிய டைனமிக் லிங்க்கர்தான் பைனரியில் எழுதப்பட்ட முகவரியில் இல்லை. இந்தச் செய்தியின் பொருள் தெரியாமல் கோப்பு அனுமதிகளை மாற்றி மாற்றிப் பார்த்து நேரத்தை இழப்பவர்கள் பலர்.

மஸலோடு முழுவதும் ஸ்டேட்டிக்காக இணைத்த ஒரே பைனரியை எல்லா லினக்ஸுக்கும் தருவது கவர்ச்சியான வழி. ரஸ்டில் மஸல் இலக்கைத் தேர்ந்தால் இது எளிதாகக் கிடைக்கும். கோ மொழியில் சி இணைப்பை அணைத்துவிட்டுக் கட்டினால், சி நூலகமே தேவைப்படாத ஸ்டேட்டிக் பைனரி கிடைக்கும். கட்டளைவரிக் கருவிகளுக்கு இதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். எனினும் மஸலில் த்ரெட் ஒன்றுக்கு இயல்பாகக் கிடைக்கும் ஸ்டேக் (செயற்கூறு அழைப்புகளுக்கான நினைவகம்) 128 கிலோபைட் மட்டுமே. ஜிலிப்சியில் அது வழக்கமாக 8 மெகாபைட். ஆழமாகத் தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் நிரல் அங்கே திடீரென்று சரிந்துவிழலாம். மஸலின் நினைவக ஒதுக்கி, பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் நினைவகம் கேட்கும் நிரல்களில் மெதுவாகவும் இருக்கும். ஜிலிப்சியையே ஸ்டேட்டிக்காக இணைப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கணினிப் பெயர்களையும் பயனர் பெயர்களையும் தேடும் பகுதிக்கு அப்போதும் அதே பதிப்பின் பகிர்வு நூலகங்கள் இயங்குநேரத்தில் தேவைப்படும்.

மூன்றாம் படி: ப்ராசஸர்

கட்டும் கணினியின் ப்ராசஸருக்கேற்ப முழுமையாக மேம்படுத்து என்று கம்பைலருக்குச் சொல்லும் நேட்டிவ் கொடியை (கம்பைலருக்குத் தரும் விருப்பத்தேர்வை)ப் பகிரவிருக்கும் பைனரியில் ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். என் பொதி ஒன்று சோதித்த கணினிகளிலெல்லாம் நன்றாக ஓடி, ஒரு பழைய சர்வரில் மட்டும் "சட்டவிரோதக் கட்டளை" என்று கூறி உடனே நின்றது. என் மூலநிரலில் அந்தக் கொடி இல்லை. நான் சேர்த்திருந்த எண்கணித நூலகம் ஒன்றின் பில்ட் அமைப்பு அதைத் தானாகவே இயக்கியிருந்தது. உங்கள் கொடிகளைச் சரிபார்ப்பதோடு நிறுத்தாமல், சார்பு நூலகங்கள் எந்தக் கொடிகளோடு கட்டப்படுகின்றன என்பதையும் விரிவான பில்ட் பதிவில் தேடிப் பார்க்க வேண்டும்.

64 பிட் எக்ஸ்86 குடும்பத்துக்கு 2020-இல் நான்கு நிலைகள் வரையறுக்கப்பட்டன. முதல் நிலை எல்லாக் கணினிகளிலும் ஓடும். இரண்டாம் நிலைக்கு எஸ்எஸ்இ 4.2 வரையிலான கட்டளைகளும், மூன்றாவதற்கு ஏவிஎக்ஸ் 2-உம், நான்காவதற்கு ஏவிஎக்ஸ் 512-உம் தேவை. ரெட் ஹேட் 9 இரண்டாம் நிலையையும் ரெட் ஹேட் 10 மூன்றாம் நிலையையும் குறைந்தபட்சமாகக் கோருகின்றன. ஏவிஎக்ஸ் 2 இன்டெல் ப்ராசஸர்களில் 2013-இலேயே வந்துவிட்டது என்றாலும், அதன்பிறகு வெளியான விலை குறைந்த வகைகள் சிலவற்றில் அது இல்லை. மெய்நிகர் கணினிகளில், அடியில் உள்ள ப்ராசஸரின் திறன்களை, அவற்றை இயக்கும் மென்பொருளான ஹைப்பர்வைசர் மறைத்துவைத்திருக்கவும் கூடும். ஆகவே பொதுப் பகிர்வுக்கு முதல் அல்லது இரண்டாம் நிலையே தகும். வேகம் முக்கியமான சில செயற்கூறுகளை மட்டும் பல நிலைகளுக்கும் தனித்தனியாகக் கம்பைல் செய்து, ஓடத் தொடங்கும்போது ப்ராசஸரைக் கேட்டு உரியதைத் தேர்ந்தெடுக்கலாம். ஓபன்பிளாஸ் என்ற எண்கணித நூலகம் இவ்வாறே கட்டப்படக்கூடியது.

ஆர்ம்64 கணினிகளில் கட்டளைகளைவிட நினைவகப் பக்க அளவு (இயங்குதளத்தின் மையமான கர்னல் நினைவகத்தைப் பிரித்துத் தரும் துண்டின் அளவு) அதிகம் தொல்லை தருகிறது. பெரும்பாலான லினக்ஸ்களில் ஒரு பக்கம் 4 கிலோபைட். ராஸ்பெரி பை 5-இன் இயல்பான கர்னலில் 16 கிலோபைட். சில சர்வர் கர்னல்களில் 64 கிலோபைட். ஜெஇமல்லோக் போன்ற நினைவக ஒதுக்கிகள் கட்டும் கணினியின் பக்க அளவைப் பைனரிக்குள் எழுதிவிடுவதால், பெரிய பக்கமுள்ள கணினியில் தொடங்கவே மறுக்கும். கட்டும்போதே 64 கிலோபைட் என்று அமைத்துவிட்டால் சிறிய பக்கங்களிலும் அது ஓடும்.

நான்காம் படி: எதைச் சுமப்பது, எதை விடுவது

நிரல் எந்தெந்த நூலகங்களைத் தேடுகிறது என்பதை எல்டிடி கருவி காட்டும். நம்பத்தகாத பைனரிகளின்மேல் அதை ஏவாதீர்கள். சில சூழ்நிலைகளில் அது அந்த நிரலையே இயக்கிவிடக்கூடும். ரீட்எல்ஃப் கருவி கோப்பைப் படிக்க மட்டுமே செய்வதால் பாதுகாப்பானது. இந்தக் கருவிகள் எதுவும் காட்டாத ஒரு வகையும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது பெயரைச் சொல்லித் திறக்கப்படும் செருகு நூலகங்கள் எந்தப் பட்டியலிலும் வராது. எஸ்ட்ரேஸ் கருவியின்கீழ் நிரலை முழுமையாக ஓட்டி, அது திறக்கும் கோப்புகளைக் கவனித்தால்தான் அவை தெரியவரும்.

சுமக்கக் கூடாதவற்றை முதலில் விலக்கிவிடுங்கள். ஜிலிப்சியையும் அதன் டைனமிக் லிங்க்கரையும் தனியாகப் பிரித்துச் சுமக்க முயல வேண்டாம். அவை ஒன்றோடொன்று பதிப்பு பொருந்தியே இயங்கும். கிராஃபிக்ஸ் டிரைவர்களோடு பேசும் ஓபன்ஜிஎல் நூலகமும், என்விடியா டிரைவரோடு வரும் கூடா (CUDA) நூலகமும் அந்தந்தக் கணினியின் வன்பொருளுக்கும் கர்னலுக்கும் உரியவை. மற்ற நூலகங்களைப் பொதியில் வைக்கலாம். ஆனால் அந்தக் கணத்திலிருந்து அவற்றின் பாதுகாப்புத் திருத்தங்களுக்கும் நீங்களே பொறுப்பு. பாதுகாப்பான இணைப்புக்கான ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தில் ஒரு குறை வெளிவந்தால், பயனருடைய இயங்குதளம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். உங்கள் பொதிக்குள் இருக்கும் நகல் அப்படியே கிடக்கும். எந்த நூலகம், எந்தப் பதிப்பு என்ற பட்டியலைப் பொதிக்குள்ளேயே வைப்பது இதற்காகத்தான்.

உரிமங்களும் இங்கே குறுக்கிடுகின்றன. எல்ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வரும் நூலகத்தை ஸ்டேட்டிக்காகச் சேர்த்தால், பயனர் அதைத் தான் திருத்திய பதிப்போடு மீண்டும் இணைத்துக்கொள்ளும் வழியையும் நீங்கள் தர வேண்டும். தனிக் கோப்பாக வைத்து டைனமிக்காக இணைத்தால் அந்தக் கடமையை நிறைவேற்றுவது எளிது.

ஐந்தாம் படி: பாதைகளை அவிழ்த்தல்

பைனரிகளுக்குள் புதைந்துகிடக்கும் முழுப் பாதைகளே பகிர்வில் மிக அதிகமாகக் காலை வாருபவை. நீங்கள் கட்டிய கோப்புறையின் பெயர் நூலகத் தேடல் பாதையிலும், அமைப்புக் கோப்புகளிலும், ஸ்கிரிப்ட்களின் முதல் வரியிலும், பிழைதிருத்தத் தகவலிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்ட்ரிங்ஸ் கருவியால் பைனரியிலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுத்து, அதில் உங்கள் கோப்புறைப் பெயரைத் தேடிப் பாருங்கள். உங்கள் பயனர் பெயரே உலகத்துக்குப் போய்க்கொண்டிருப்பதைக் கண்டு வியப்படைவீர்கள்.

நூலகத் தேடல் பாதையைப் பொறுத்தவரை, லினக்ஸில் டாலர் குறியோடு எழுதப்படும் ஆரிஜின் என்ற சொல் "இந்தக் கோப்பு இருக்கும் கோப்புறை" என்று பொருள்படும். கட்டும்போதே அதைக் கொடுக்கலாம். கட்டிய பிறகு பேட்ச்எல்ஃப் கருவியால் மாற்றலாம். இந்தப் பாதை ஆர்பாத், ரன்பாத் என்ற இரண்டு வடிவங்களில் எழுதப்படும். இன்றைய லிங்க்கர்கள் பலவும் இயல்பாக எழுதுவது ரன்பாத். நூலகங்களைத் தேடும் இடத்தைக் குறிக்கப் பயனர் அமைத்திருக்கும் சூழல் மாறியை அது வெல்லாது. சார்பின் சார்புக்கும் செல்லாது. எனவே முதன்மை நிரலில் மட்டும் அதை எழுதினால் போதாது. பொதியில் உள்ள ஒவ்வொரு நூலகக் கோப்பிலும் எழுத வேண்டும்.

முழுப் பாதையை விட்டுவிட முடியாத மென்பொருள்களுக்கு, பொதி மேலாண்மைக் கருவிகள் மூன்று வழிகளைக் கண்டிருக்கின்றன. நிக்ஸ் தனக்கென்று ஒரே நிலையான கோப்புறையை வைத்துக்கொண்டு, எல்லாக் கணினிகளிலும் அதுவே இருக்க வேண்டும் என்கிறது. ஹோம்ப்ரூவும் நிலையான இடங்களையே விரும்புகிறது. இன்டெல் மேக், ஆப்பிள் சிலிக்கான் மேக், லினக்ஸ் ஆகிய மூன்றுக்கும் அதன் இடம் வெவ்வேறு. கோண்டாவின் வழி சாமர்த்தியமானது: 255 எழுத்துகள் நீளமுள்ள ஒரு போலிப் பாதையில் கட்டிவிட்டு, நிறுவும்போது பைனரிக்குள் அந்தப் பாதையைத் தேடி உண்மைப் பாதையை எழுதி, மிச்ச இடத்தைச் சுழிய பைட்களால் நிரப்புகிறது. குறுகிய பாதையின் இடத்தில் நீண்டதை எழுத முடியாது என்பதால்தான் அவ்வளவு நீளம். ஸ்கிரிப்ட்களில் இன்னொரு வரம்பும் உண்டு, 5.1-க்கு முந்தைய லினக்ஸ் கர்னல்கள் முதல் வரியில் 127 எழுத்துகளை மட்டுமே படித்தன. ஆழமான கோப்புறைகளில் நிறுவிய ஸ்கிரிப்ட்கள் விளங்காத வகையில் உடைந்ததற்கு அதுவே காரணம்.

நூலகங்கள் அல்லாத கோப்புகளையும் மறந்துவிடாதீர்கள். உங்கள் ஓபன்எஸ்எஸ்எல் நகல் சான்றிதழ்களைத் தேடும் இடம் கட்டும்போது முடிவானது. டெபியன் குடும்பமும் ரெட் ஹேட் குடும்பமும் அவற்றை வெவ்வேறு கோப்புறைகளில் வைக்கின்றன. நிரல் ஓடும், பாதுகாப்பான இணைப்பு மட்டும் தோல்வியடையும். தெரிந்த இடங்களை வரிசையாகத் தேடிப் பார்க்கும் சில வரிகளை நிரலிலேயே எழுதிவிடுவது நல்லது.

ஆறாம் படி: மேக்ஓஎஸும் விண்டோஸும்

மேக்ஓஎஸில் கீழ்வரம்பை அமைக்கப் பழைய கணினி தேவையில்லை. டிப்ளாய்மென்ட் டார்கெட் என்ற அமைப்பில் பதிப்பைக் குறித்தால் போதும், எல்லாச் சார்புகளையும் அதே எண்ணோடு கட்ட வேண்டும். நூலகப் பாதைகளை ஓடூல் கருவி காட்டும், இன்ஸ்டால்நேம்டூல் மாற்றும். ஆப்பிள் சிலிக்கான் கணினிகளில் கையொப்பம் இல்லாத ஆர்ம் பைனரி ஓடவே ஓடாது. பாதையை மாற்றும் செயலே பழைய கையொப்பத்தைச் செல்லாததாக்கிவிடக்கூடும். அப்படியான நிரலைக் கர்னல் விளக்கம் எதுவும் தராமல் கொன்றுவிடும். எனவே கையொப்பமிடுவது எப்போதும் கடைசிச் செயலாக இருக்கட்டும். 2019-இல் வந்த கேட்டலினா முதல், இணையத்திலிருந்து இறக்கிய மென்பொருளுக்கு ஆப்பிளின் நோட்டரி ஒப்புதலும் இயல்பாக எதிர்பார்க்கப்படுகிறது.

விண்டோஸில் சி இயங்குநேர நூலகத்தின் பெரும்பகுதி விண்டோஸ் 10 முதல் இயங்குதளத்திலேயே உள்ளது. விஷுவல் சி++ பகுதி அப்படியில்லை. அதன் மறுபகிர்வுப் பொதியை நிறுவியிலேயே சேர்த்துவிடுங்கள். 2015 முதல் 2022 வரையிலான விஷுவல் ஸ்டூடியோக்கள் தமக்குள் ஒத்துப்போகும் என்றாலும், பயனரிடம் உள்ள இயங்குநேர நூலகம் நீங்கள் கட்டிய கருவியைவிடப் பழையதாக இருக்கக் கூடாது. ஒரு டிஎல்எல் (விண்டோஸின் பகிர்வு நூலகக் கோப்பு) ஒதுக்கிய நினைவகத்தை வேறோர் இயங்குநேர நூலகத்தோடு கட்டிய இன்னொரு டிஎல்எல் விடுவித்தால் நிரல் சரியும். ஒதுக்கியவரே விடுவிக்கட்டும் என்ற விதியை இடைமுகத்தில் கடைப்பிடியுங்கள். 260 எழுத்துப் பாதை வரம்பும் பல கணினிகளில் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. பொதிக்குள் ஆழமான கோப்புறைகளைத் தவிருங்கள்.

கன்டெய்னர் எல்லாவற்றையும் தீர்த்துவிடுமா

பெருமளவு தீர்க்கும், ஜிலிப்சி, நூலகங்கள், பாதைகள், சான்றிதழ்கள் எல்லாம் படிமத்துக்குள்ளேயே போய்விடுகின்றன. ஆனால் கர்னலும் ப்ராசஸரும் டிரைவர்களும் வெளியிலிருப்பவையே. ஜிலிப்சி 2.34 த்ரெட்களை உருவாக்கப் புதியதொரு கர்னல் அழைப்பைப் பயன்படுத்தத் தொடங்கியபோது, அந்த அழைப்பை அறியாத, கன்டெய்னர்களை இயக்கும் கருவியான டாக்கரின் பழைய பதிப்புகள் அதை அனுமதி மறுப்பாகத் திருப்பியனுப்பின. புதிய படிமங்கள் பழைய சர்வர்களில் ஒரு த்ரெட்டைக்கூட உருவாக்க முடியாமல் நின்றன. சர்வர் மென்பொருளுக்குக் கன்டெய்னர் நல்ல தேர்வு. ஒருவர் தன் முனையத்தில் நாளுக்கு நூறு முறை அழைக்கும் சிறு கருவிக்கு அது சுமை.

ஏழாம் படி: பெயர், சரிபார்ப்பு, மறுகட்டுமானம்

பொதியின் பெயரிலேயே பதிப்பு, இயங்குதளம், ப்ராசஸர், சி நூலகம் ஆகிய நான்கும் இருக்கட்டும். லினக்ஸுக்கும் மேக்குக்கும் டார் வடிவமே ஏற்றது; பல ஜிப் கருவிகள் இயக்க அனுமதியையும் குறியீட்டு இணைப்புகளையும் தொலைத்துவிடுகின்றன. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டால் மட்டும் பிரியும் இரண்டு கோப்புப் பெயர்கள் வேண்டாம். விண்டோஸும் மேக்ஓஎஸும் இயல்பாக அவற்றை ஒன்றாகவே கருதும்.

கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஷா 256 கூட்டுத்தொகை, பதிவிறக்கத்தில் கோப்பு சிதைந்ததா என்பதை மட்டுமே சொல்லும். அதே சர்வரில் இருக்கும் கூட்டுத்தொகையைக் கோப்பை மாற்றியவரே மாற்றிவிடலாம் என்பதால், ஜிபிஜி, மினிசைன், சிக்ஸ்டோர் ஆகியவற்றுள் ஒன்றால் கையொப்பமிடுவது அவசியம். அதற்கும் மேலாக, அதே மூலநிரலிலிருந்து இன்னொருவர் கட்டினாலும் பைட்டுக்குப் பைட் அதே பைனரி வர வேண்டும் என்பதை இலக்காகக் கொள்ளுங்கள். நேர முத்திரைகளைச் சோர்ஸ் டேட் எப்பக் என்ற சூழல் மாறியால் நிலைப்படுத்தி, டார் கோப்பில் கோப்பு வரிசையைப் பெயரால் அடுக்கி, பில்ட் பாதையைக் கம்பைலர் கொடியால் வேறொரு பெயராக மாற்றினாலேயே பாதி வழி வந்துவிடலாம்.

எட்டாம் படி: வெறும் கணினியில் சோதித்தல்

கட்டிய கணினியில் செய்யும் சோதனை எதையும் நிரூபிக்காது. விடுபட்ட நூலகம் அங்கே எப்படியும் இருக்கும். கம்பைலரோ மேம்பாட்டுக் கருவிகளோ இல்லாத, உங்கள் கீழ்வரம்பு இயங்குதளத்தின் மிகச் சிறிய படிமத்தில் பொதியை விரித்து ஓட்டுங்கள். பிறகு மிகப் புதிய இயங்குதளம் ஒன்றிலும் ஓட்டுங்கள். பழையதில் ஓடிப் புதியதில் உடைவதும் நடக்கும். இடைவெளியும் தமிழ் எழுத்துகளும் உள்ள பெயருடைய கோப்புறையில் வைத்து ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். எழுத அனுமதியில்லாத கோப்புறையிலிருந்தும், நிரல்களை இயக்கத் தடையுள்ள தற்காலிகக் கோப்புறை கொண்ட கணினியிலும் ஓட்டிப் பாருங்கள்; தன்னைத் தற்காலிகமாக விரித்துக்கொண்டு ஓடும் ஒற்றைக்கோப்புப் பொதிகள் அங்கேதான் விழும். குறைந்த ப்ராசஸர் நிலையைச் சோதிக்க வன்பொருள் கிடைக்காவிட்டால், வேறு கணினிகளைப் போல நடிக்கும் மென்பொருளான கியூஇஎம்யுவில் பழைய ப்ராசஸர் மாதிரியைத் தேர்ந்தெடுத்து இயக்கலாம். மெதுவாக ஓடினாலும் சட்டவிரோதக் கட்டளையைத் தவறாமல் காட்டிக்கொடுக்கும்.

வெளியிட்ட பிறகு குறை தெரியவந்தால், அதே பெயரில் உள்ள கோப்பைச் சத்தமின்றி மாற்றிவைக்காதீர்கள். அதன் கூட்டுத்தொகையைத் தம் பில்ட் ஸ்கிரிப்ட்களில் எழுதிவைத்திருப்பவர்கள் அதை ஒரு தாக்குதலாகவே காண்பார்கள். மூலநிரல் மாறாமல் பொதி மட்டும் மாறியிருந்தாலும், பதிப்பு எண்ணுக்குப் பின்னால் ஒரு பில்ட் எண்ணைச் சேர்த்துப் புதிய கோப்பாக வெளியிடுங்கள். பழையதைப் பதிவிறக்கப் பட்டியலிலிருந்து விலக்கி, விலக்கியதற்கான காரணத்தை ஒரு வரியில் அதன் அருகிலேயே எழுதிவையுங்கள்.